தினமும் ஒரு மாத்திரை

"சார், உங்க பொண்ணு அந்தச் சத்து மாத்திரையை இன்னும் போட்டுக்கிட்டுத்தான் இருக்காளா?"

போனில் மருந்துக் கடைக்காரர் இப்படிக் கேட்டபோது, நீச்சல்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பூதக்கண்ணாடி சாருக்கு எரிச்சல்தான் வந்தது. கீழே எட்டுப் பெண்கள் பாய்வதற்குத் தயாராக நின்றிருந்தார்கள். நாலாவது லேனில் அவர் மகள். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அணியில் இடம்.

"தினமும் போடறா. அப்புறம் பேசட்டுமா?"

"வெச்சிடாதீங்க சார். டப்பாவுல பேட்ச் நம்பர் என்னன்னு ஞாபகம் இருக்கா?"

யாரிடம் கேட்கிற கேள்வி இது! அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். எறும்பு சைஸ் எழுத்தையும் விடாமல் படிப்பதால்தான் குளத்தில் எல்லோரும் அவரைப் பூதக்கண்ணாடி என்றார்கள். மகளுக்கு ஒரு மாத்திரை வாங்க மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கியவர். 'பத்தே நாளில் பலம்' என்று போட்டிருந்த டப்பாக்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எந்தச் சத்து எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாகச் சொல்லாதவற்றை ஒதுக்கினார். வெளி ஆய்வுக்கூடத்தில் சோதித்ததாக முத்திரை இருந்தால், அந்த ஆய்வுக்கூடத்துக்கே போன் போட்டு, "நிஜமாவே நீங்கதான் சோதிச்சீங்களா?" என்று கேட்டார். கடைக்காரர்கள் அவரைக் கண்டாலே உள்ளே போய் ஒளிந்துகொள்கிற அளவுக்கு ஆகி, கடைசியில் ஒரே ஒரு மாத்திரை தேறியது.

பேட்ச் நம்பரை மனப்பாடமாக ஒப்பித்தார்.

"ஐயையோ, அதேதான்!" என்றார் கடைக்காரர். "அந்த பேட்ச் முழுக்க கம்பெனி திருப்பி வாங்குது சார். ஃபேக்டரியில வேற ஏதோ பொடி கலந்துடுச்சாம். சாதாரண ஆளுங்களுக்கு ஒண்ணும் செய்யாதாம். ஆனா போட்டிக்குப் போறவங்க ஊக்கமருந்து சோதனையில மாட்டிக்குவாங்களாம். அதான் உங்க ஞாபகம் வந்துச்சு."

விசில் ஒலித்தது. எட்டுப் பேரும் தண்ணீரில் பாய்ந்தார்கள்.

"விடாதே சிட்டு! இன்னும் வேகமா!" என்று பக்கத்தில் தையல்காரம்மா கத்தினாள். ஐந்தாவது லேனில் அவள் மகள். சிட்டுவும் அவர் மகளும் ஒன்றாகவே பயிற்சிக்கு வந்து ஒன்றாகவே போகிறவர்கள்.

பூதக்கண்ணாடி நீச்சலைப் பார்க்கவே இல்லை. மூன்று மாதமாக, பயிற்சி முடிந்ததும் சாப்பிடச் சொல்லி, தினமும் ஒரு மாத்திரையைச் சின்ன டப்பியில் போட்டு மகள் பையில் வைத்தவர் அவரேதான். சாயங்காலம் டப்பி காலியாகத் திரும்பி வரும். ஒருநாள்கூடத் தவறியதில்லை. மாட்டினால் நாலு வருஷம் தடை. பதினாறு வயதுப் பெண் அதன்பிறகு எங்கே நீந்துவது? அப்பா பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"அண்ணே, ஜெயிச்சிட்டாங்க! சிட்டு ஃபர்ஸ்ட்டு, உங்க பொண்ணு மூணாவது!"

அவர் சிரித்ததாகப் பேர் பண்ணினார்.

"என்னண்ணே இப்படி வேர்க்குது? உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்லம்மா. வெயில்."

குளத்துக்கு மேலே கூரை இருந்தது.

ஊக்கமருந்து சோதனைக்கு வந்திருந்த அதிகாரியம்மா ஒரு துணிப்பையோடு எழுந்தாள். ஜெயித்த மூன்று பேரில் ஒருவரைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது வழக்கம். பூதக்கண்ணாடி வேண்டாத தெய்வமில்லை. நாலாம் நம்பர் வேண்டாம், வேறு எது வந்தாலும் சரி. வேறு எது என்றால் அது யார் வீட்டுப் பிள்ளை என்று யோசிக்க அவருக்கு அப்போது நெஞ்சில் இடமில்லை.

அந்த அம்மா சீட்டைப் பிரித்துப் படித்தாள். "அஞ்சாவது லேன்."

"அப்பாடா!"

வாய்விட்டே சொல்லிவிட்டார். நல்லவேளை, தையல்காரம்மா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆமாண்ணே, எனக்கும் அப்பாடான்னுதான் இருக்கு. எங்க சிட்டுவுக்கு என்ன பயம்? தலைவலிக்குக்கூட மாத்திரை போடாத பொண்ணு. சட்டுனு முடிச்சிட்டு வந்துடுவா."

கீழே சிட்டு தன் அம்மாவைப் பார்த்துக் கையசைத்துவிட்டுச் சோதனை அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

மகள் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்டப் படியேறி வந்தாள். பூதக்கண்ணாடி அவளை ஓரமாக இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்கு மயிரிழையில தப்பிச்சேம்மா. அந்தச் சத்து மாத்திரையை இனிமே தொடாதே. அதுல என்னமோ கலந்துடுச்சாம். போட்டவங்க சோதனையில கட்டாயம் மாட்டுவாங்களாம்."

மகளின் முகம் வெளிறிப்போனது. அவள் திரும்பிச் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள்.

"ஏம்மா பயப்படறே? உன்னைத்தான் கூப்பிடலையே!"

"அப்பா... அது ரொம்பப் பெரிய மாத்திரை. எனக்கு முழுங்கவே வரலை. ஒண்ணுகூட முழுங்கலப்பா. சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லலை."

"அப்போ டப்பி தினமும் காலியா வந்துச்சே?"

"நீங்க அவ்வளவு அலைஞ்சு வாங்கினதைத் தூக்கிப் போட மனசு வரலப்பா. 'உங்கப்பா பார்த்து வாங்கினதுன்னா கண்ணை மூடிக்கிட்டு முழுங்கலாம்'னு சொல்லி, சிட்டுதான் தினமும் வாங்கிப் போட்டுக்கிட்டா."