முதல் பூசைக்குப் போனவள்

லூயிசாவின் சேலைக் கரையில் ஈர மணல் ஒட்டியிருந்தது. அச்சாபீஸில் ராத்திரி வேலை முடிந்து வந்த பவுல்சாமி, சைக்கிளைச் சுவரில் சாய்ப்பதற்குள் அதைப் பார்த்துவிட்டான்.

"காலங்காத்தால எங்க போயிட்டு வர்றே?"

"முதல் பூசைக்கு" என்றாள் அவள், புருஷன் முகத்தைப் பார்க்காமல்.

சாந்தோம் கோயிலுக்குப் பின்னாலேயே கடல் என்பது என்னவோ வாஸ்தவம்தான். ஆனால் பூசைக்குப் போகிறவள் செபமாலையை ஆணியிலேயே தொங்கவிட்டுவிட்டா போவாள்?

உள்ளே மகள் ஐரின் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். ஒன்பது வயது. சண்டைக் காலத்தில் ஒரு நாள், கள்ளுக்கடையிலிருந்த அப்பனைச் சோற்றுக்குக் கூப்பிட ஓடிய குழந்தையைக் கச்சேரி ரோட்டில் ஒரு மிலிட்டரி லாரி அடித்துப் போட்டுவிட்டது. மாதக்கணக்கில் மாவுக்கட்டு, அதற்கப்புறம் அக்குளில் இரண்டு கட்டை. எலும்பு கூடிவிட்டது, இனி நடந்து பழகவேண்டியதுதான் பாக்கி என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகியும் பெண் கட்டையை விட்டபாடில்லை.

கட்டைகள் சுவரோரம் கிடந்தன. கிறிஸ்துமஸுக்கு அவன் அவற்றின் அடியில் அடித்துக் கொடுத்த டயர் ரப்பர் கொஞ்சங்கூடத் தேயவில்லை. ரப்பர் நல்ல சரக்குதான் என்று நினைத்துக்கொண்டு படுத்தான். தூக்கம் வரவில்லை.

சாயங்காலம் கோயில்பிள்ளை மரியதாஸைத் தேடிப்போய், ஊர்க்கதை பேசுகிற மாதிரிப் பேச்சுக் கொடுத்தான். முதல் பூசைக்குக் கதவு திறக்கிறவர் அவர்தான்.

"உன் சம்சாரமா? ஞாயித்துக்கெழமை தவிர நான் பாத்ததே இல்லியே" என்றார் அவர்.

அன்றைக்கு வேலையில் கை ஓடவில்லை. கோத்த எழுத்தெல்லாம் தலைகீழாக விழுந்தது. கூட வேலை செய்யும் நாகராஜ், மூஞ்சி ஏன் இப்படித் தொங்குகிறது, ஒரு கிளாஸ் போட்டால் சரியாகிவிடும், வா என்றான். மகள் கட்டையில்லாமல் நடக்கிறவரை ஒரு சொட்டுத் தொடுவதில்லை என்று பவுல்சாமி மாதாவுக்கு நேர்ந்துகொண்டது ஊருக்கே தெரியும். நாகராஜுக்கும் தெரியும், கேலிக்குத்தான் கேட்டான்.

பவுல்சாமிக்கு நெஞ்சு எரிந்தது. இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தவனுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை இதுதானா? வயிற்று வலி என்று சொல்லிவிட்டு, விடிவதற்கு முன்பே சைக்கிளை எடுத்தான்.

அவன் தெருமுனைக்கு வரவும் வீட்டுக் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. லூயிசா வெளியே வந்தாள். அவளை ஒட்டினாற்போல், அதே போர்வைக்குள் இன்னோர் உருவம். மங்கல் வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை. இரண்டும் கோயில் பக்கம் திரும்பாமல் நேரே கடற்கரைக்குப் போயின.

பவுல்சாமி சைக்கிளைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போய், ஒரு கட்டுமரத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

லூயிசாவின் குரல் கேட்டது. "யாரும் இல்ல. பயப்படாம வா."

போர்வை மணலில் விழுந்தது. அதிலிருந்து வெளியே வந்தவள் ஐரின்.

கையில் கட்டை இல்லை. ஈர மணலில் லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். அலை வந்தபோது பாவாடையைத் தூக்கிக்கொண்டு நாலடி ஓடவும் செய்தாள். மாதாவே, மாதாவே என்று பவுல்சாமியின் வாய் தானாக முணுமுணுத்தது. பெண்டாட்டியைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

வெட்கம் அடங்கியதும் கோபம் வந்தது. எழுந்து போய் லூயிசாவின் முன்னால் நின்றான்.

"எத்தினி நாளா இது?"

"தவக்காலத்துலேந்து."

"பெத்த அப்பன்கிட்டயே மறைக்கிற அளவுக்கு நான் இன்னா பண்ணிட்டேன்?"

"சொல்லிடலாம்னுதான் நான் சொன்னேன். இவதான் கூடவே கூடாதுன்னு அழுதா" என்றாள் லூயிசா. "அவளையே கேளுங்க."

அவன் மகள் பக்கம் திரும்பினான். ஐரின் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒதுங்கி, காலை மணலுக்குள் புதைத்துக்கொண்டாள்.

"நான் நடந்துட்டா நீ மறுபடியும் குடிப்பியே, நைனா."