புரோமோ மணலில் ஒரு சவாரி

"இது குதிரை ஐயா, லாரி இல்ல. உங்க கனத்துல பாதியைத்தான் தாங்கும்" என்று கடிவாளத்தை இழுத்துக்கொண்டாள் துகிரா.

ஜகார்த்தாவிலிருந்து வந்தவர் நூற்றுப்பத்து கிலோவாவது இருப்பார். "நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"யாரா இருந்தாலும் தராசுக்குத் தெரியாதே!"

பக்கத்துக் குதிரைக்காரன் கசெமின் இளித்தபடி ஓடிவந்தான். "அக்காவுக்குப் பிழைக்கத் தெரியாது. நம்ம குதிரையில ஏறுங்க ஐயா!"

புரோமோ எரிமலையின் அடிவாரம் வரை அந்தச் சின்னக் குதிரை மணலில் கால் புதையத் தள்ளாடிப் போனது. தன் குதிரையை நடத்திக்கொண்டு பின்னாலேயே போனாள் துகிரா.

அங்கே பந்தலும் கூட்டமும் காத்திருந்தன. இறங்கியவருக்கு மாலை விழுந்தது. கைதட்டலுக்கு நடுவே அவர் புதிய அறிவிப்புப் பலகையின் திரையை விலக்கினார்.

'எழுபது கிலோவுக்கு மேற்பட்டவர்கள் குதிரையில் ஏறக் கூடாது.'

விதியைக் கொண்டுவந்த அதிகாரியே அவர்தானாம்!

"பலகை பக்கத்துல, குதிரை மேல உக்காந்து ஒரு போட்டோ ஐயா!" என்றார் படம் எடுப்பவர். ஐயாவும் காலைத் தூக்கினார்.

"மொதல்ல பலகையை மூடுங்க" என்றாள் துகிரா, எல்லோருக்கும் கேட்கும்படி. "குதிரைக்குத்தான் படிக்கத் தெரியாது. போட்டோ பாக்கறவங்களுக்குத் தெரியும்."