மழைக்கு அழியாத மை

"அண்ணே, பிரிண்டருக்கு ஏதாவது ஒரு கறுப்பு மை குடுங்க, சீக்கிரம்."

அந்தப் பெண் கைப்பேசியையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தாள். மையைப் பற்றிப் பேசக் கிடைத்தால் கடைக்காரருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"ஏதாவதுன்னு சொல்லக் கூடாதும்மா. கம்பெனி கார்ட்ரிட்ஜ் விலையைக் கேட்டா மயக்கம் வரும். பழசுலயே ரீஃபில் பண்ணலாம், ஆனா அது தண்ணி பட்டா கரையுற சாய மை. எதுக்கு உங்களுக்கு?"

"சுவத்துல ஒட்டணும்."

"அப்ப இதுதான்! வேற கம்பெனி செஞ்சது, உங்க மெஷினுக்கும் பொருந்தும். உள்ள இருக்கிறது நுண்ணிய பொடி கலந்த மை, காகிதத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். வெயிலோ மழையோ, மாசக்கணக்கா அசையாது."

"மாசக்கணக்காவா?" அவள் முகம் வெளுத்தது. "அது வேண்டாம். ரெண்டு நாள் தாங்கினாப் போதும்."

"அழியுற மையைத் தேடி வாங்குற முதல் ஆள் நீங்கதான்! அப்படி என்னம்மா விளம்பரம்?"

அவள் கைப்பேசியை நீட்டினாள். திரையில் முன்பல் விழுந்த ஒரு சிறுமி சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே பெரிய எழுத்தில், 'காணவில்லை'.

கடைக்காரர் மழைக்கு அழியாத அந்தக் கார்ட்ரிட்ஜையே எடுத்தார். விவரம் அச்சிட்ட அட்டைப்பெட்டியைக் கழற்றிவிட்டு அவள் கையில் வைத்தார்.

"இது ரெண்டு நாள்கூடத் தாங்காதும்மா" என்றார்.