கோல் கீப்பரின் தலை

சூசைதாசன் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். அன்று அது ஏழாவது தடவை.

டென்மார்க்கில், ஹேர்னிங் தமிழர் விளையாட்டு விழா. ஒன்பது வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்டம். நடுவர் பயிற்சி முடித்து ஒரு கிழமைதான் என்பதால் பிள்ளைகளின் பாதுகாப்பில் மனுஷன் ஒரே பிடி. நகம் வெட்ட வைத்தார், காப்பைக் கழற்ற வைத்தார், ஒருத்தி தும்மியதற்கும் விசில் அடித்தார்.

இந்த முறை காரணம் இருந்தது. கோல் கீப்பர் மிதுஷா மூன்றாவது கோலையும் விட்டிருந்தாள்.

முதல் பந்து உருண்டு வந்தபோது விலகி வழிவிட்டாள். இரண்டாவதுக்கு முதுகைக் காட்டினாள். மூன்றாவதைப் பிடித்து, தானே கொண்டுபோய் கோலுக்குள் வைத்தாள்.

"அண்ணை, பிள்ளைக்கு நாவூறு பட்டிட்டுதோ?" பயிற்சியாளர் பாலேந்திரா ஓடிவந்தார். "போன வருசம் ஒரு கோலும் விடாதவள். கப் போகப்போகுது."

"கப்பை விடும். இவவுக்குத் தலையில பந்து அடிச்சிருக்கு. நான்தான் கவனிக்கேல்லைப்போல."

சூசைதாசன் சட்டைப்பைக்குள் கைவிட்டார். தலையில் அடிபட்டவர்களிடம் கேட்கவென்று பயிற்சியில் கொடுத்த தாளை எடுத்து விரித்தார்.

"இது எத்தினை விரல், பிள்ளை?"

"ரெண்டு."

"இண்டைக்கு என்ன கிழமை?"

டெனிஷில் சொன்னாள். எந்த மொழியில் சொல்லவேண்டும் என்று தாளில் இல்லை. சரி என்று குறித்துக்கொண்டார்.

"சத்தி, வாந்தி ஏதும் வருகுதோ?"

"இல்லை. பசிக்குது."

"ஒற்றைக்காலில நில்லும் பாப்பம். இப்பிடி."

அவள் நின்றாள். செய்துகாட்டிய சூசைதாசன்தான் விழப்பார்த்தார்.

"அண்ணை, தலை கலங்கினது ஆருக்கெண்டு எனக்கு விளங்குது," என்றார் பாலேந்திரா.

கடைசிக் கேள்வி. "இப்ப எத்தினைக்கு எத்தினை?"

"மூண்டுக்கு சைபர்," என்று மிதுஷா சிரித்தாள்.

"தோக்கிறீங்கள். பிறகேன் சிரிப்பு?"

"மூண்டு கோல் பின்னுக்கு நிண்டால் நாங்கள் இன்னொரு ஆளை இறக்கலாமெல்லோ, மாமா? ரூல் அப்பிடித்தானே?"

"ஓம். அதுக்கு?"

மிதுஷா கோட்டுக்கு வெளியே கையைக் காட்டினாள். அங்கே மாற்று ஆட்டக்காரர் இருக்கும் வாங்கில், காலையிலிருந்து ஒரு ஆட்டத்திலும் இறக்கப்படாத அவளது அணியின் அபிதா தனியே இருந்தாள்.

"நாங்கள் வெண்டுகொண்டிருந்தால் அவள் அங்கதான் இருக்கோணும், மாமா."