நாற்பத்தொன்றாம் பக்கத்து ஜொய்சி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தபால் முதலில் ஆபீசுக்குப் போய், அங்கே தூங்கி எழுந்துதான் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வரும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், பக்கத்து வீட்டு ஜொய்சிக்குச் சென்னையில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அனுப்பிய அனுமதிக் கடிதம் மூன்று மாதம் பிந்தி வந்தது. அவள் கொழுந்து பறிக்கப் போனாள். அவளுடைய அம்மா சவரியம்மா ஆபீசை இன்னும் திட்டுகிறாள்.

போன மாதம் அதே பல்கலைக்கழகத்தின் 'புகழ்பெற்ற பழைய மாணவர்கள்' புத்தகம் ஜொய்சி பேருக்கு வந்தது. உறையைப் பிரித்தது நான்தான், ஒட்டு சரியில்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் டாக்டர் ஜொய்சி, மஸ்கெலியா. படத்தில் நெற்றித் தழும்போடு அவளேதான்.

"மெலிஞ்சு போயிட்டாளே, ஒழுங்கா சாப்பிடுறதில்லையா?" என்றாள் சவரியம்மா.

"என்னை ஒரு நாளாச்சும் இப்படிக் கேட்டிருக்கீங்களாம்மா?" என்று சிரித்த ஜொய்சி, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு வீட்டுக்கு வரச் சொல்லி அந்த டாக்டருக்குக் கடிதம் போட்டாள்.

நத்தார் காலையில் பலகாரத் தட்டோடு போனேன். சவரியம்மா வாசற்படியில் உட்கார்ந்து ஜொய்சிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தேத்தண்ணியில சீனி எத்தனை கரண்டி?" என்று ஜொய்சியின் குரல் அடுப்படியிலிருந்து கேட்டது.

"மூணு" என்றாள் படியில் இருந்த ஜொய்சி.

குடித்துப் பார்த்தேன். ஒன்றுதான் போட்டிருந்தாள். டாக்டர் அல்லவா.