அஞ்சு மணிக்கு மேல் சார் இல்லை

முதலாளியின் அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: முதலாளி, கணக்குப் பார்க்கும் பெண், வேலை நிரந்தரமாகுமா என்று கேட்க வந்து நின்ற புதியவர்.

"அஞ்சு மணியானா பையைத் தூக்கிடுறீங்க. ராத்திரி குரூப்ல மெசேஜ் போட்டா பதிலே இல்ல. நாங்கெல்லாம் பத்து மணி வரைக்கும் மாடா உழைக்கிறோம்!" என்றார் முதலாளி.

"என் வேலை முடிஞ்சிடுது சார்" என்றார் புதியவர்.

"முடியாம என்ன? நாமதான் பகல் பூரா மீட்டிங் போடுறோம். இவர் எட்டிக்கூடப் பார்க்கிறதில்ல" என்று சிரித்தாள் அந்தப் பெண்.

"உங்க தலைமுறையே இப்படித்தான்! பொறுப்பே கிடையாது" என்றார் முதலாளி.

கடிகாரம் ஐந்தைத் தொட்டது. புதியவர் தன் வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இனிமே நீங்க சார் இல்ல. மாப்ள, எழுந்திருங்க. என் பொண்ணு தினமும் உங்களுக்காகச் சாப்பிடாம உட்கார்ந்திருக்கா."

"மாமா, ஒரே ஒரு மெயில்..."

"அதை அவகிட்டயே சொல்லுங்க" என்று மாமனார் போனை எடுத்தார்.

"ஐயோ, வேணாம்! வேலை நிரந்தரம், போதுமா?"

"அது ஆபீஸ் விஷயம். காலையில பேசுவோம், சார்."

கணக்குப் பெண் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள். மாமனார் மருமகனின் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்து, கதவைச் சாத்திப் பூட்டினார்.