டைரக்டர் சரியில்லை

“அண்ணே, சிறகன் மூணாம் பாகம் ட்ரெய்லர் வந்திருக்கு, பாரேன்” என்று போனை நீட்டினான், இரண்டு மாதமாகக் காய்ச்சலோடு வீட்டிலேயே கிடந்த தம்பி.

பட்டறையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அண்ணன் போனை வாங்கவில்லை. “பார்த்தேன். இந்த டைரக்டருக்கு அழுவாச்சிப் படம்தான் எடுக்கத் தெரியும். சிறகனைப் பறக்கவிடாம மூலையில உட்கார வச்சு அழவிடுவான்.”

“முதல் ரெண்டையும் நாம முதல் நாளே பார்த்தோமே.”

“அது வேற டைரக்டர்டா. இது தேறாது. இதுக்குப் போய் நாளை எண்ணிட்டு உட்கார்ந்திருக்காதே.”

தம்பி போனைக் கவிழ்த்து வைத்தான். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். விடு, எனக்கும் ஆசை போயிடுச்சு.”

அடுக்களைக்குள் வந்த அண்ணனை அவன் மனைவி பிடித்துக்கொண்டாள். “அந்த டைரக்டர் படம்னா நீங்க உசிரை விடுவீங்க. நேத்து இதே ட்ரெய்லரை நாலு தடவை பார்த்தீங்க. அவன் ஆசையில எதுக்கு மண்ணை அள்ளிப் போடுறீங்க?”

அண்ணன் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மெல்லச் சொன்னான்.

“காலையில ஆஸ்பத்திரியில ரிப்போர்ட் வாங்கினேன். படம் மார்ச்சுலதான் வருது. டாக்டர், இவனுக்கு ஜனவரியே சந்தேகம்னுட்டாரு.”